கடலில் எவர் சொல்லைக் கேட்பது?

'மாலுமி' என்னும் சொல்லை நாம் அடிக்கடி ஆளுகின்றோம். அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அரபு மொழியில் 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர், ஆசிரியர் என்று பொருள். மத்ரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்துமாக் கடலில் மரக்கலம் செலுத்திய அரபுகள், வழிகாட்டும் கடலோடிக்கும் அதே பெயரையே இட்டிருந்தனர். அச்சொல்லே நம் துறைமுகங்களில் புழங்கிப் புழங்கி 'மாலுமி' ஆயிற்று. பகலில் பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையருகே நிற்பவரும், நள்ளிரவில் கலத்தின் மேல்தளத்தில் விண்மீனை நோக்கி நிற்பவரும் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

இதனை வகுப்பில் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், கற்பிப்பவருக்குக் கற்பித்தவர் யார்? தாம் முன்பு போகாத கடலுக்குப் போக நேர்ந்தால் அந்த முஅல்லிம் எவரிடம் கேட்பார்? ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால் எதனை எடுத்துக்கொள்வார்?" என்று வினவினார். நல்ல வினா. அன்று மணி அடித்துவிட்டதால் முழு விடை கூற இயலவில்லை. வாசக நேயர்களுக்கும் பயன்படும் என்பதால் அவ்விடையை இம்மாதம் இங்கே எழுதுகின்றேன்.

கரையில் கேட்கும் அறிவுரை தவறினால் சிறிது பொருள் போகும். சிறிது காலம் போகும். நடுக்கடலில் அது தவறினால் கலமும், அதிலுள்ள அத்தனை உயிர்களும் போகும். திரும்பி வந்து "நீர் சொன்னது பிழை" என்று சொல்வதற்குக்கூட ஆள் இருக்கமாட்டார். ஆதலால்தான், பிறர் சொல்லை எப்படிக் கேட்பது, எப்படி எடைபோடுவது என்னும் கலை கடலோடிகளிடம் மிக நுட்பமாக வளர்ந்தது.

ஏடன் கடற்கரை மணலில்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியலறிஞர் அல்முகத்தஸீ, ஜெரூஸலத்தில் பிறந்தவர். உலகின் பகுதிகளைப் பற்றிய தம் பெருநூலை கி.பி. 985 அளவில் அவர் எழுதினார். அரபுத் தீபகற்பத்தைக் கடல்வழியே சுற்றி வந்தவர் அவர். கலத் தலைவர்கள், வழிகாட்டிகள், சரக்குப் பொறுப்பாளர்கள், வணிகர்கள் எனப் பலரோடும் பழகி, அவர்கள் கைவசம் வைத்திருந்த கடற்குறிப்பேடுகளையும் பார்த்தவர்.

ஆயினும் அவர் மனத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அக்கடலின் வடிவத்தை ஒருவர் தோளில் போர்த்தும் துணிபோல வரைந்திருந்தார். வேறொருவர் பறவையின் உருவில் வரைந்திருந்தார். அரசர் ஒருவரின் நூலகத்தில் கண்ட படம் மற்றெதனோடும் ஒத்துவரவில்லை. எதனை நம்புவது?

ஒருநாள் ஏடன் கரையில் அவர் கடலை நோக்கி அமர்ந்திருந்தபோது அருகே இருந்தவர் ஷைகு அபூ அலீ இப்னு ஹாஸிம். அவர் வணிகர்களின் தலைவர். அவருடைய கலங்கள் அக்கடலின் எல்லைகள் வரை சென்று வந்தன. "என்ன யோசனை?" என்று ஷைகு கேட்க, அல்முகத்தஸீ தம் ஐயத்தை எடுத்துரைத்தார். ஷைகு தம் உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமப்படுத்தி, அதன்மேல் கடலை வரைந்து காட்டினார். அது துணியாகவும் இல்லை, பறவையாகவும் இல்லை. வளைவுகளும் நாக்குகளும் பல குடாக்களும் கொண்ட ஒழுங்கற்ற உருவமாக இருந்தது.

அல்முகத்தஸீ அதனை ஏற்றுக்கொண்டார். படம் அழகாக இருந்ததனால் அன்று. அழகான படங்களை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். வரைந்தவரின் கலங்கள் அக்குடாக்களில் புகுந்து மீண்டவை. ஒரு மூலையைத் தவறாக அறிந்திருந்தால் நட்டம் அவருடையதே. கற்றவர் வரைந்த சீரான உருவத்தைவிட, கடலில் பொருளை இட்டவர் வரைந்த கோணலான உருவம் உண்மைக்கு அருகில் இருக்கும் என்று அவர் கருதினார் எனலாம்.

மூன்று சிங்கங்களும் நான்காமவரும்

இத்துறையில் தலைசிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ரஃஸுல் கைமா பகுதியில் இருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 895ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 1490ஐ ஒட்டி, கடற்கலையின் அடிப்படைகளை விளக்கும் 'கிதாபுல் ஃபவாயித்' என்ற நூலை அவர் எழுதி முடித்தார். இந்துமாக் கடலின் கரைகள், காற்றுகள், விண்மீன் அளவுகள், கரை அண்மையைக் காட்டும் அடையாளங்கள் யாவும் அதிலே உள்ளன.

அவர் காலத்து மாலுமிகள் பெரிதும் போற்றிய பழைய ஆசிரியர்கள் மூவர்: முஹம்மத் இப்னு ஷாதான், ஸஹ்ல் இப்னு அபான், லைத் இப்னு கஹ்லான். அம்மூவரையும் 'சிங்கங்கள்' என்றே கடலோடிகள் அழைத்தனர். இப்னு மாஜிதும் அவர்களை மதிப்போடுதான் நினைவுகூர்கின்றார். எனினும் அவர்கள் நூலைத் தாம் எடைபோட்ட விதத்தையும் மறைக்கவில்லை. அவர்கள் தொகுத்தவர்கள், ஒவ்வொரு கரையைப் பற்றியும் அக்கரையாரிடம் கேட்டு எழுதியவர்கள், அவர்கள் தாமாகக் கண்ட கடல் சிறிது என்பது அவர் தீர்ப்பு. தம்மை அம்மூவருக்குப் பின் வந்த நான்காமவர் என்று அவர் சொல்லிக்கொண்டார். அதில் பெருமிதம் இல்லாமல் இல்லை. ஆயினும் தாம் கண்டறிந்ததையும் பிறரிடம் கேட்டதையும் பிரித்துக் காட்டும் நேர்மை அதன் அடியில் இருந்தது.

மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் நல்லவரா என்பது ஒரு வினா. அவர் நேரில் கேட்டாரா, நினைவாற்றலில் உறுதியானவரா என்பது வேறொரு வினா. நல்லவர் எல்லாரும் நம்பத்தக்க அறிவிப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஒருவருடைய மறதியைச் சுட்டுவது அவரை இழிவுபடுத்துவதும் ஆகாது. மூன்று சிங்கங்களுக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டிக்கொண்டே அவர்களின் அளவுகளைத் திருத்த இப்னு மாஜிதால் முடிந்தது இதனால்தான்.

தம் வீட்டாரையும் அவர் இந்தத் தராசில் நிறுத்தாமல் விடவில்லை. அவருடைய பாட்டனார் செங்கடலில் தேர்ந்த வழிகாட்டி. தந்தையாரும் அவ்வாறே, செங்கடல் வழிகளைப் பற்றி ஆயிரம் அடிகளுக்கு மேற்பட்ட பாடல் இயற்றியவர். பாட்டனார் தந்த அறிவைத் தந்தை மீண்டும் மீண்டும் சோதித்து வளர்த்தார் என்றும், அதனைத் தாமும் பல்லாண்டுப் பட்டறிவில் சோதித்து மேலும் வளர்த்ததாகவும் இப்னு மாஜித் எழுதுகின்றார். தந்தை சொல்லைப் போற்றுவது என்றால் அதனைப் பெட்டியில் பூட்டி வைப்பதன்று. அதனோடு கடலுக்குப் போய், இருப்பது இருக்கிறதா என்று பார்ப்பது என அக்குடும்பம் கருதியிருக்கின்றது.

ஒரு விரற்கிடைப் பிழை

சோதிப்பது எவ்வாறு? அக்கால மாலுமியின் முதல் அளவுகோல் துருவ விண்மீன். தொடுவானத்துக்கு மேல் அது எத்தனை விரல் உயரத்தில் நிற்கின்றது என்று அளந்தால், கலம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பது தெரியும். இதற்கு 'இஸ்பஃ' என்று பெயர். விரல் என்பதே அதன் பொருள். ஒரு விரல் அளவு, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 பாகை 36 கலை. முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு பலகை ஒன்றும் இதற்குப் பயன்பட்டது. கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்திப் பார்ப்பார்கள். இன்ன முடிச்சு என்றால் இன்ன துறைமுகத்தின் நேர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வேறொரு மாலுமி ஒரு துறைமுகத்துக்குச் சொன்ன அளவில் ஒரே ஒரு விரல் பிழை இருந்தால், கலம் சுமார் 178 கிலோமீட்டர் வடக்கேயோ தெற்கேயோ விலகிக் கரை சேரும். அங்கே துறைமுகம் இருக்காது, பாறை இருக்கலாம்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. இன்று துருவ விண்மீன் வானத்தின் வடமுனைக்கு ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கின்றது. இப்னு மாஜிதின் காலத்தில் அது மூன்று பாகைக்கும் மேல் விலகி நின்றது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் இன்னும் விலகி நின்றது. ஆக, முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மிகச் சரியாக அளந்து எழுதிய எண்கூட, எழுதியவர்மீது எந்தக் குற்றமும் இன்றியே, காலத்தால் பிழைபட்டுவிடும். அறிவுரைக்கும் வயது உண்டு. "சொன்னவர் யார்?" என்பதோடு "எப்போது சொன்னார்?" என்றும் கேட்கவேண்டும்.

அளவு ஒருபுறம் இருக்க, அடையாளங்களும் சாட்சி சொல்லவேண்டும். நீரின் நிறம் மாறுதல், ஆழக்கயிற்றில் ஒட்டிவரும் மண், மிதந்துவரும் பாசி, குறிப்பிட்ட பறவைகள், இந்தியாவின் மேற்குக் கரையை நெருங்கும்போது தோன்றும் கடற்பாம்புகள் ஆகியவை யாரிடமும் கேட்டுப் பேசுவனவல்ல. நூலும் விண்மீனும் அடையாளமும் ஒன்றையே சொன்னால் மாலுமி பாயை விரிப்பான். ஒன்று மாறினாலும் பாயைச் சுருக்கி ஆழம் பார்ப்பான்.

நூறாம் நாளும் நூற்று முப்பதாம் நாளும்

அறிவுரைகளில் மிகவும் விலை மதிப்புள்ளது, எப்போது புறப்படுவது என்பதே. நைரூஸ் என்னும் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணுவது அம்மாலுமிகளின் வழக்கம். இப்னு மாஜிதின் காலத்தில் அது நவம்பர் பிற்பகுதியில் வந்தது. இந்தியாவிலிருந்து அரபுக் கரைக்குத் திரும்புவோரை அவர் தரம் பிரிக்கின்றார்: மார்ச் தொடக்கமான நூறாம் நாளில் புறப்படுபவரை அறிவுடையோர் என்கின்றார். நூற்றுப் பத்தாம் நாளில் புறப்பட்டாலும் குறையில்லை. நூற்றிருபதாம் நாள் என்றால் இயலக்கூடியதன் விளிம்பில் நிற்பதாகும். நூற்று முப்பதாம் நாளில் புறப்படுபவரை, பட்டறிவற்ற சூதாடியென்று கடிந்துகொள்கின்றார்.

இடையே உள்ளவை முப்பது நாட்களே. ஆனால் அம்முப்பது நாட்களுக்குள் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். அதன்பின் காற்றற்ற கடல். அதற்கும் பின் எதிர்முகமாக எழும் தென்மேற்குக் காற்று. "நான் ஒருமுறை நூற்றிருபத்தைந்தாம் நாளில் புறப்பட்டு நலமாகவே போய்ச் சேர்ந்தேன்" என்று ஒரு கடலோடி துறைமுகத்தில் சொல்லியிருக்கக் கூடும். அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு புறப்பட்டுப் போய்ச் சேராதவர்கள் துறைமுகத்துக்கு வந்து கதை சொல்வதில்லை. தப்பியவர் சொல்லை மட்டுமே கேட்டுத் தீர்மானிப்பவன் பாதிச் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி போன்றவன்.

சிறு படகில் இருந்தவர்

அறிவுரையின் விலையைப் பற்றி இன்னொரு கதை உண்டு. புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் என்ற கலத்தலைவரின் பெயரால் வழங்கும், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியக் கடல் அற்புதங்கள் பற்றிய நூலில் அது வருகின்றது. கடலோடிகள் சொல்லிவந்த கதை என்பதை மனத்தில் கொண்டே படிக்கவேண்டும்.

கிர்மான் நாட்டில் ஆடு மேய்த்து, பின்னர் மீன்பிடித்து, அதன்பின் கடலோடியான அப்ஹரா என்பவர் ஏழுமுறை சீனம் சென்று மீண்டவர். ஸீராஃபிலிருந்து சீனத்துக்குச் சென்ற ஒரு பெருங்கலம், காற்று ஓய்ந்த கடலில் நங்கூரம் இட்டு நின்றபோது, தொலைவில் ஒரு சிறு படகையும் அதில் ஒரு தோல்பை நீரோடு தனியே அமர்ந்திருந்த அப்ஹராவையும் கண்டது. அவரை மீட்க ஆள் போயிற்று. அவரோ, "என்னைக் கலத்தின் தலைவராக்கி, நான் சொல்வதை எல்லாரும் கேட்பதாக ஒப்பி, ஆயிரம் தீனார் தந்தால்தான் ஏறுவேன், உங்கள் நிலை என் நிலையைவிட மோசமானது" என்றாராம்.

கலத்தில் இருந்தோர் கலந்து பேசினர். தம்மிடம் இவ்வளவு சரக்கும் இத்தனை உயிர்களும் இருக்கின்றன. அப்ஹராவின் அறிவுக்கு ஆயிரம் தீனார் மிகையன்று என்று முடிவு செய்தனர். ஏறியதும் அவர் இட்ட கட்டளைகள் கேட்போரை நடுங்கச் செய்பவை. கனமான சரக்கைக் கடலில் எறியச் சொன்னார். பெரிய பாய்மரத்தை வெட்டச் சொன்னார். நங்கூரங்களை அறுத்துவிடச் சொன்னார். அவ்வளவும் செய்து முடித்தபின் கோபுரம் போன்ற மேகம் எழுந்தது, பெரும்புயல் வந்தது. சுமை குறைந்த கலம் தக்கையைப்போல அலைமேல் மிதந்து தப்பியது. சீனம் சென்று வணிகம் முடித்துத் திரும்பும் வழியில் அதே இடத்தைக் கடந்தபோது, தாங்கள் விட்டுச்சென்ற நங்கூரங்கள் பாறைகளில் கிடக்கக் கண்டார்கள். அங்கேயே நின்றிருந்தால் கலமும் அப்பாறைகளில்தான் கிடந்திருக்கும்.

இக்கதையில் நான் கருதிப் பார்ப்பது புயலை அன்று. ஏறுவதற்கு முன் அப்ஹரா வைத்த நிபந்தனையை. வெறுமனே அறிவுரை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. பொறுப்பையும் தம் கையில் கேட்டார். அதே கலத்தில் தம் உயிரையும் ஏற்றினார். பாய்மரத்தை வெட்டு என்று கரையில் நின்று சொல்பவர் வேறு. வெட்டிய கலத்திலேயே உடன் வருபவர் வேறு.

போகும்போது 23 நாள், வரும்போது மூன்று மாதம்

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1498 ஏப்ரல் 24 அன்று வாஸ்கோடகாமாவின் கலங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து புறப்பட்டன. அக்கடலை அறிந்த ஒரு வழிகாட்டி உடன் இருந்தார். தென்மேற்குக் காற்று எழத் தொடங்கி, இன்னும் சீறத் தொடங்காத பருவம் அது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட திறந்த கடலைக் கடந்து, கரை காணாத 23 நாட்களுக்குப் பின் இந்திய மலைகளைக் கண்டார்கள்; மே 20 அன்று கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டார்கள்.

திரும்பும்போது நிலைமை வேறு. சாமூதிரியுடன் ஏற்பட்ட பிணக்குக்குப் பின் ஆகஸ்டு 29இல் கள்ளிக்கோட்டையை விட்டு நீங்கி, வழியில் தங்கி, அக்டோபர் 5இல் அஞ்சுதீவிலிருந்து மேற்கே திரும்பினர். வடகிழக்குப் பருவக்காற்று அப்போது நிலைபெறவில்லை. காற்றில்லாமலும் எதிர்க்காற்றிலும் கலங்கள் தடுமாறின. மூன்று நாள் குறைய மூன்று மாதம் கடலிலேயே கழிந்தது. ஈறு வீங்கி உடல் சிதையும் நோயால் அக்கடப்பில் மட்டும் முப்பது பேர் இறந்தனர். ஒவ்வொரு கலத்திலும் வேலை செய்ய வல்லவர் ஏழெட்டுப் பேரே எஞ்சினர். ஆளில்லாமையால் ஒரு கலத்தை அவர்களே எரித்துவிட நேர்ந்தது. கடல் அதேதான், கலங்களும் அவையேதான். போகும்போது பருவத்தை அறிந்தவர் சொல் வழிகாட்டியது. வரும்போது அவசரமே வழிகாட்டியது.

அவ்வழிகாட்டி யார்? அவர் இப்னு மாஜித்தான் என்று நம்மில் பலர் படித்திருக்கின்றோம். சிலர் பெருமையோடும் சிலர் வருத்தத்தோடும் சொல்லிவருகின்றோம். இங்கேயும் தராசை எடுத்துப் பார்ப்போம். அப்பயணத்தில் சென்ற ஒருவரின் நாட்குறிப்பு, வழிகாட்டியின் பெயரைக் கூறவில்லை. அவர் கிறித்தவர் என்கின்றது. ஆனால் இந்துக் கோயிலைத் தேவாலயம் என்று எண்ணியவர்களும் அவர்களே. நேரில் கண்டவராயினும், தமக்குப் புரியாததைக் கண்டவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பர்ரோஸ், அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும் 'மலேமோ கனா' என்றும் குறிப்பிடுகின்றார். மலேமோ என்பது நம் முஅல்லிம்தான். கனா என்பது கணிப்பவரைக் குறிக்கும் 'கணக' என்ற சொல்லின் திரிபு. ஆக, அது பெயரன்று, தொழிற்பட்டமே. இப்னு மாஜிதின் பெயரைச் சொல்பவர் மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலீ. எழுதியது நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து. அந்தக் கடலோடி மதுமயக்கத்தில் வழியைச் சொல்லிவிட்டார் என்றும் அவர் சேர்த்துக்கொள்கின்றார். கிதாபுல் ஃபவாயிதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1971இல் வெளியிட்ட திப்பெட்ஸ் முதலான ஆய்வாளர்கள் இச்செய்தியை ஏற்கவில்லை. நேரில் காணாதவர், நெடுங்காலத்துக்குப் பின், துணைச் சாட்சி இன்றிச் சொன்னதை வைத்து ஒருவரைப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். இப்னு மாஜித் கற்றுத்தந்த முறையில் அவரைப் பற்றிய செய்தியையே எடைபோடுவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

கேட்டும் புயல் வந்தால்?

எல்லாம் கேட்டு, எல்லாம் எடைபோட்டபின்னும் புயல் வருவதுண்டு. 1554இல் உதுமானியக் கடற்படைத் தலைவர் ஸீதீ அலீ ரெய்ஸ் பஸராவிலிருந்து கலங்களோடு புறப்பட்டார். மத்தியதரைக் கடலில் பழகியவர். இந்துமாக் கடல் அவருக்குப் புதிது. ஆதலால் பஸராவில் காத்திருந்த மாதங்களில் அக்கடலின் மாலுமிகளோடு உரையாடித் தெரிந்துகொண்டார். இப்னு மாஜிதின் நூல்களையும், ஷிஹ்ரைச் சேர்ந்த ஸுலைமான் அல்மஹ்ரீயின் நூல்களையும் தேடிப் படித்தார். ஆயினும் போர்ச்சுகீசியருடன் மோதியபின், மேற்கிலிருந்து எழுந்த பெரும்புயல் அவருடைய எஞ்சிய கலங்களைக் குஜராத் கரைக்கு அடித்துச் சென்றது. அவர் கடல்வழியே ஊர் திரும்ப முடியவில்லை. டில்லி வழியாகவும் மத்திய ஆசியா வழியாகவும் தரைமார்க்கமாக நடந்து 1557இல்தான் இஸ்தான்புல் சேர்ந்தார்.

ஆனால் கரை ஒதுங்கிய அவ்வாண்டிலேயே, அஹ்மதாபாதில் தங்கி அவர் செய்த வேலை என்ன தெரியுமா? அம்மாலுமிகளின் அறிவையெல்லாம் துருக்கி மொழியில் திரட்டி 'முஹீத்' என்ற நூலை எழுதினார். தம்மைக் காப்பாற்றாத அறிவு என்று அதனை எறிந்துவிடவில்லை. எடைபோடுவது மனிதனின் கடமை. முடிவு அல்லாஹ்வின் கையில் என்பதை உணர்ந்தவர் செய்யும் செயல் இது.

இந்த அறிவுப் பரிமாற்றத்தில் நம் கரைக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையாரை 'ஷூலியான்' என்று அழைத்த அரபு மாலுமி நூல்கள், அவர்களுடைய கணக்கு முறைகளையும் தனியே குறிப்பிடுகின்றன. முடிச்சுக் கயிறும் பலகையும் கொண்டு நம் கரைக் கடலோடிகள் விண்மீன் பார்த்ததைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850இல் பதிவு செய்திருக்கின்றார். அரபி தமிழரிடமும் தமிழர் அரபியிடமும் கேட்டார்கள். எவர் சொன்னது என்பதற்காகத் தள்ளவும் இல்லை, கொள்ளவும் இல்லை.

மாணவரின் வினாவுக்கு இப்போது விடையைத் தொகுத்துச் சொல்லலாம். சொல்பவர் அவ்வழியே தாமே போனாரா, கேட்டுச் சொல்கின்றாரா? எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில், எத்தகைய கலத்தில் போனார்? அவரை அறியாத வேறொருவரும் அதையே சொல்கின்றாரா? சொல் தவறினால் அவருக்கு இழப்பு உண்டா? நாமே அளந்து பார்க்கக்கூடியதை அளந்து பார்த்தோமா? இந்த ஐந்தும்தான் அந்த முஅல்லிமின் தராசு.

கடலுக்கே போகாத வீடுகளிலும் இத்தராசுக்கு வேலை இருக்கின்றது. வளைகுடாவுக்கு மகனை அனுப்பும் தாய், "அங்கே போனால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர் எந்த ஆண்டில் போனவர், என்ன வேலைக்குப் போனவர், போய்த் துன்பப்பட்டுத் திரும்பியவரின் வீட்டிலும் விசாரித்தோமா என்று கேட்கவேண்டும். நோய்க்கு மருந்து சொல்லிக் கைபேசியில் வரும் செய்தியை, அடுத்த வீட்டுக்கு அனுப்பும் முன் சொன்னவர் யார் என்று பார்க்கவேண்டும். கேட்காமல் போவது ஆணவம். கேட்டதையெல்லாம் நம்பிப் போவது சோம்பல்.

அடுத்த வகுப்பில் இவ்விடையை அம்மாணவரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஹஜ்ரத், நீங்கள் இப்போது சொன்னதையும் நாங்கள் சோதித்துப் பார்க்கலாம்தானே?" என்றார். பார்க்கலாம் என்றேன். முஅல்லிம் என்ற பெயருக்கு அன்றுதான் சிறிது தகுதி பெற்றதாக உணர்ந்தேன்.